மூத்த கலங்களும் கொழுத்த ஈரலும்

தலை நரைத்தலும், தோல் திரைதலும், நடை தளர்தலும் முதுமையின் குறிகள் என்பதை யாவரும் அறிவர். ஆயின், கண்ணுக்குப் புலனாகும் இக்குறிகள் தோன்றுதற்குப் பல்லாண்டுகளின் முன்னரே, உடலை ஆக்கியுள்ள நுண்ணிய உயிரணுக்களிடத்து முதுமை தொடங்கிவிடுகின்றது. கலங்கள் எனப்படும் இவ்வுயிரணுக்கள் மூப்படைதலுக்கும், ஈரலிற் கொழுப்புப் படிதலாகிய நோய்க்கும் நெருங்கிய தொடர்புண்டு என்பது அண்மைக்கால ஆராய்ச்சிகளாற் பெறப்பட்ட உண்மை. இவ்வுண்மை மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் உழைத்து வாழும் நம்மவர்க்கும் அது பெரிதும் பயன்படுவது. அதனை எளிமையாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலத்தின் ஆயுள்

கலங்கள் பிரிந்து பெருகுதற்கு எல்லையே இல்லை என ஒரு காலத்தில் அறிஞர் எண்ணினர். அலெக்சிஸ் கரல் என்னும் அறிஞர் 1912 ஆம் ஆண்டிலே கோழிக்கருவின் இதயத்திலிருந்து எடுத்த இழையத்தைக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். அது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்க்கப்பட்டு வந்தமையால் அவ்வெண்ணம் வலுப்பெற்றது. 1961 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த லெனாட் ஹேபிளிக், போல் மூர்ஹெட் ஆகிய இருவரும் அதனைத் தகர்த்தனர். மனித உடற்கலங்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் பிரிதலை நிறுத்திவிடுகின்றன என அவர்கள் காட்டினர்.

இதற்குக் காரணம் யாது? கலத்தின் கருவினுள் இருக்கும் நிறமூர்த்தங்களின் நுனிகளிலே தெலோமியர் எனப்படும் காப்புப் பகுதிகள் உள்ளன. கலம் பிரியுந்தோறும் இவை சிறிது சிறிதாகக் குறுகுகின்றன. மிகக் குறுகியவிடத்துக் கலம் மேலும் பிரிய மறுக்கின்றது. இந்நுனிகளின் இயல்பை விளக்கியமைக்காக எலிசபெத் பிளக்பேர்ண், கரல் கிரைடர், ஜக் சொஸ்டக் என்னும் மூவருக்கும் 2009 இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பல முறை பிரிதலால் மட்டுமன்றி, நஞ்சு, கதிர்வீச்சு, மிகுந்த கொழுப்பு முதலியவற்றாற் கலத்தின் மரபுப்பொருள் சிதைவுறுதலாலும் இந்நிலை வருதல் உண்டு. ஆகவே, ஆண்டிலே இளையவரின் உடலிலும் மூத்த கலங்கள் மிகுந்திருத்தல் கூடும்.

மூத்த கலம் இறந்த கலம் அன்று என்பதை ஈண்டு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அது பிரிவதுமில்லை, எளிதில் மடிவதுமில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, அழற்சியை உண்டாக்கும் பல பொருள்களைச் சுரந்து, அண்டையிலுள்ள நல்ல கலங்களையும் கெடுக்கின்றது. தேயிலைச் செடியிலே நோயுற்ற கிளை ஒன்று தளிர் விடாமலும் பட்டுப்போகாமலும் நின்று, தன் நோயை அடுத்த கிளைக்கும் பரப்புதலை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம்.

ஈரலும் கொழுப்பும்

வளர்ந்த மனிதனின் ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறையுடையது. உண்ட உணவின் சத்துக்களைப் பகுத்தும் சேமித்தும் வழங்குகின்ற பண்டகசாலை அது. உடலின் தேவைக்கு மிஞ்சிய மாப்பொருளையும் சீனியையும் அது கொழுப்பாக மாற்றும். அக்கொழுப்பிற் பெரும்பகுதி உடலின் பிற இடங்களுக்கு அனுப்பப்படும். ஒரு பகுதி ஈரலிலேயே எரிக்கப்படும். வரவு செலவினை விஞ்சுமாயின் கொழுப்பு ஈரற்கலங்களிலேயே தங்கிவிடும். ஈரற்கலங்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றிலே கொழுப்புத் தங்குமாயின் அது கொழுப்பு ஈரல் எனப்படும்.

இந்நோய் மதுவருந்துவோர்க்கே உரியதென நெடுங்காலம் கருதப்பட்டது. 1980 இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த லுட்விக் என்பவரும் அவர்தம் துணைவரும், மதுவைப் பெரிதும் அருந்தாதவரிடத்தும் அதே வகைச் சிதைவு காணப்படுதலை எடுத்துரைத்தனர். உடலின் சத்துமாற்றக் கோளாறே இதற்கு அடிப்படை என்பதைப் புலப்படுத்தும் வண்ணம், 2023 இல் மருத்துவ உலகம் இந்நோய்க்குப் புதுப்பெயர் வகுத்தது. கொழுப்புப் படிந்த ஈரல் பலரிடத்து அந்நிலையிலேயே நின்றுவிடும். சிலரிடத்து அழற்சியும், அதன்பின் தழும்பும், ஈற்றில் ஈரல் இறுகிச் சுருங்கும் சிரோசிசும் தொடரும். தொடக்கத்தில் நோவு இல்லை, காய்ச்சல் இல்லை. ஓசையின்றி வளர்தலே இந்நோயின் கொடுமை.

இருவழித் தொடர்பு

கலத்தின் மூப்புக்கும் கொழுப்புக்கும் உள்ள தொடர்பை, இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தாரும் மாயோ நிலையத்தாரும் சேர்ந்து 2017 இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. எலிகளின் உடலிலிருந்து மூத்த கலங்களை நீக்கியபோது ஈரலின் கொழுப்புக் குறைந்தது. ஈரற்கலங்களைச் செயற்கையாக மூப்படையச் செய்தபோது கொழுப்பு மிகுந்தது. கலத்தினுள் இழைமணிகள் எனப்படும் நுண்ணுறுப்புகளே கொழுப்பமிலங்களை எரித்துச் சத்தியைப் பிறப்பிக்கும் அடுப்புகள். மூத்த கலத்தில் இவ்வடுப்புகள் செவ்வனே எரிவதில்லை; ஆதலின் கொழுப்புத் தேங்குகின்றது. தேங்கிய கொழுப்பு, கலத்தைச் சிதைக்கும் தீய ஒட்சிசன் பொருள்களைப் பிறப்பித்து மேலும் பல கலங்களை மூப்படையச் செய்கின்றது. மூப்பாற் கொழுப்பும், கொழுப்பால் மூப்பும் எனச் செக்குப்போற் சுழலும் இச்சுழற்சியே நோயை முதிர்விக்கின்றது. மனிதரின் ஈரலிலும் மூத்த கலங்கள் மிகுந்துள்ளவிடத்துத் தழும்பும் மிகுந்திருத்தலை 2013 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியுள்ளது.

தோட்டத்து மக்களும் இந்நோயும்

‘மலையேறி இறங்கி உழைக்கும் உடலுக்குக் கொழுப்பு நோய் வருமா? அது நகரத்துச் செல்வர் நோயன்றோ?’ என வினவுவார் உளர். இவ்வினாவுக்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்துள்ளது. களனிப் பல்கலைக்கழக அறிஞர்கள் றாகமை நகர்ப்புறத்து மக்களிடையே நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில், 35 முதல் 64 வரை வயதுடையோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு இந்நோய் இருந்தது. பின்னர் நுவரெலியா மாவட்டத்தின் இரு தோட்டங்களில், அதே வயதினரும் பெரும்பாலும் இந்திய வம்சாவளித் தமிழருமாகிய 220 பேரை ஆராய்ந்து 2011 இல் முடிவு வெளியிடப்பட்டது. வருவாய் குறைந்தோரும் உடலுழைப்பு மிக்கோருமாகிய அவர்களுள் 40 பேருக்கு, அஃதாவது நூற்றுக்கு 18 பேருக்கு, கொழுப்பு ஈரல் காணப்பட்டது. உழைப்பு நோயைக் குறைக்கின்றது என்பது மெய்யே. அது முற்றாகத் தடுக்கவில்லை என்பதும் மெய்யே. நுவரெலியா உயர்நிலம், சப்ரகமுவத் தோட்டங்களிற் பல தாழ்நிலத்தன. நிலத்தின் உயரம் வேறாயினும், லய வாழ்வும் அடுப்பங்கரையும் பெரிதும் ஒன்றே.

காரணங்களை நோக்குவோம். முதலாவது, கருவிலும் குழந்தைப் பருவத்திலும் ஊட்டங் குன்றிய உடல், பிற்காலத்தில் மிஞ்சிய சத்தினைத் தாங்கும் ஆற்றல் குறைந்ததாகின்றது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டப்புறத்திலோ 31.7. இரண்டாவது, தென்னாசியர் மெலிந்து தோன்றினும் வயிற்றினுட் கொழுப்பு மிகுந்திருத்தல் இயல்பு. மூன்றாவது, உணவு. காலையிற் கோதுமை மா ரொட்டி, பகலிலும் இரவிலும் மிகுந்த சோறு, இடையிடையே சீனி மிகுந்த தேநீர். பருப்பும் மீனும் கீரையும் சிறிதளவே. நான்காவது, உழைப்பு நின்றபின் வரும் மாற்றம். கொழுந்து பறித்தும் பால்வெட்டியும் வந்த கைகள் ஓய்ந்தபின்னும் உணவின் அளவு பழையபடியே நிற்கின்றது. கலங்கள் மூப்படையும் பருவமும் அதுவே. மதுப்பழக்கமும் சேருமாயின் ஈரல் இருமடங்கு சுமை தாங்க நேரும்.

செய்யத்தக்கன

மூத்த கலங்களை மட்டும் நீக்கும் மருந்துகள் ஆராயப்பட்டு வருகின்றன. அவை இந்நோய்க்குரிய மருந்தாக மனிதரிடத்து இன்னும் நிலைபெறவில்லை. ஆயினும் நாம் கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. நிறை மிகுந்தோர் தம் நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தால் ஈரலின் கொழுப்புக் குறையும். ஏழு முதல் பத்துப் பங்கு குறைத்தால் அழற்சியும் தணியும். அறுபது கிலோகிராம் நிறையுடையவர்க்கு ஐந்து பங்கு என்பது மூன்று கிலோகிராமே. தேநீரிற் சீனியைக் குறைத்தல், ஒருவேளை ரொட்டியையேனும் குரக்கன் மாவிற் சுடுதல், லயத்தருகே வல்லாரையும் பொன்னாங்காணியும் பயிரிட்டு உண்ணுதல், ஓய்வு பெற்றபின்னும் நாள்தோறும் நடத்தல், மதுவை ஒழித்தல் என்பன யாவர்க்கும் இயல்வன. இடுப்பளவு ஆடவர்க்கு 90 சதமமீற்றருக்கும், மகளிர்க்கு 80 சதமமீற்றருக்கும் மேற்பட்டால் எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். நீரிழிவும் இந்நோயும் உடன்பிறப்புகள் போல்வன. ஆதலின் குருதிச் சீனியைச் சோதித்தலும் இன்றியமையாதது. அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது.

எனினும், அறிவுரை மட்டும் போதாது. பருப்பும் மீனும் வாங்குதல் நாட்கூலியின் அளவைப் பொறுத்தது. கீரை பயிரிடுதல் லயத்தைச் சூழ்ந்த நிலத்தைப் பொறுத்தது. சோதனைக்குச் செல்லுதல் ஒருநாட் சம்பளத்தை இழக்கும் துணிவைப் பொறுத்தது. கருவுற்ற தாய்க்கு நல்லுணவு கிடைக்கச் செய்தல் ஐம்பது ஆண்டுகளின் பின்னர் அவள் பிள்ளையின் ஈரலைக் காப்பதாகும். இதனைத் தோட்ட நிருவாகமும் அரசும் தொழிற்சங்கங்களும் உணர்தல் வேண்டும். திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், மருந்தைக் காட்டிலும் அளவறிந்து உண்ணுதலையே அங்கு மிகுத்துரைத்தார். அளவறிந்து உண்ணுதற்கு அறிவும் வேண்டும். உண்ணத்தக்கது கிடைத்தலும் வேண்டும். முன்னையதை இல்லங்களுக்குக் கொண்டு செல்லுதல், தோட்டத்திலிருந்து கல்விகற்க வந்த மாணவர் ஒவ்வொருவரின் கடனாகும். தம் வீட்டில் முப்பத்தைந்து வயது கடந்த தாயையும் தந்தையையும் ஒருமுறையேனும் சோதனைக்கு அழைத்துச் செல்லுதலை அக்கடனின் தொடக்கமாகக் கொள்ளலாம்.