கான்கிரீட்டினுட் கிடக்கும் எஃகு நார்

கான்கிரீட்டு அமுக்குதலைத் தாங்கும். இழுத்தலை அவ்வளவாகத் தாங்காது. ஆதலின் அதனுள் இரும்புக் கம்பிகளைப் பதித்தல் வழக்கம். கம்பிக்கு மாறாகவோ துணையாகவோ மெல்லிய எஃகு நார்களைக் கலவையிலேயே சேர்த்து வார்க்கும் முறையும் இக்காலத்துப் பரவியுளது. தொழிற்சாலைத் தளங்களும் சுரங்கப் பாதைகளின் உட்சுவர்களும் இங்ஙனம் அமைக்கப்படுகின்றன. இந்நார்களின் தொழில் யாதெனில், வெடிப்புத் தோன்றியவிடத்து அதன் இருகரையையும் பற்றிநின்று, அது விரியாது தடுத்தலேயாம்.

கன மீட்டர் ஒன்றுக்கு 40 கிலோகிராம் நார் இடுவதாகக் கொள்வோம். நாரின் நீளம் 60 மில்லிமீட்டர், விட்டம் 0.75 மில்லிமீட்டர் எனின், அதனுள் ஏறத்தாழ 1,90,000 நார்கள் உளவாகும். ஆயினும் அவை கொள்ளும் இடம் நூற்றில் அரைப்பங்கே. இச்சிறு பங்கு ஓரிடத்துச் செறிந்தும் ஓரிடத்து அருகியும் போதல் எளிது. கலவையை மிகுதியாக அதிர்த்தால் நார்கள் கீழே படியும். கலவை பாயும் போக்கிலும், வார்ப்புப் பெட்டியின் சுவரை ஒட்டியும் அவை சாயும். வெடிப்புக்குக் குறுக்கே கிடக்கும் நாரே உதவுவது. அதனோடு இணையாகக் கிடப்பது இருந்தும் இல்லாததே. இட்ட நாரின் எடை கணக்கிற் சரியாயிருந்தும் சுவர் வலுவற்றுப்போதல் இதனாலாம்.

கான்கிரீட்டை நொறுக்கி, நார்களைக் காந்தத்தாற் பொறுக்கி நிறுப்பது ஒரு முறை. அளவு தெரியும், திசை தெரியாது, பொருளும் அழியும்.

கல், மணல், சிமிட்டி ஆகியவை காந்தத்திற்கு அசையாதன என்றே கூறலாம். எஃகோ எளிதிற் காந்தமாகும். கம்பிச்சுருளினுள் இரும்புத் துண்டை நுழைத்த அளவில் அதன் தூண்டுதிறன் உயர்வதைப் பௌதிகச் சோதனைச்சாலையிற் கண்ட மாணவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதின்று. பார்ஸலோனா நகரத்து ஆராய்ச்சியாளர் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இதுவே. 150 மில்லிமீட்டர்ப் பக்கமுள்ள கனசதுரக் கட்டியைச் சுருளினுள் வைத்துத் தூண்டுதிறனின் உயர்வை அளப்பர். மேற்கூறிய கலவையாயின் அக்கட்டியுள் 135 கிராம் எஃகே, ஏறத்தாழ 650 நார்களாக, இருக்கும். நுண்கருவி அதனையும் உணரும்.

இம்முறையின் அழகு பின்னரே விளங்கும். நீண்டு மெலிந்த நார் தன் நீளவாட்டில் நன்கு காந்தமாகும். குறுக்குவாட்டில் அத்துணை ஆகாது. ஆகவே கட்டியைத் திருப்பித் திருப்பி மூன்று திசைகளிலும் அளந்தால், நார்கள் மிகுதியாக நீண்டு கிடக்கும் திசையில் உயர்வு மிகும். ஒரு திசையிற் குறைந்தது மற்றொன்றிற் கூடுமாதலால், மூன்றையும் கூட்டிய தொகை நாரின் அளவைக் காட்டும். திசையும் அளவும் ஒரே கருவியாற் கிடைத்தவாறு காண்க!

இதனை அழிவில்லாச் சோதனை என்பர். கட்டி அழியாதென்பது மெய்யே. ஆயின் எழுந்து நிற்கும் சுவரினின்று அக்கட்டியை அறுத்தெடுத்தன்றோ சுருளுள் வைத்தல் வேண்டும்? இக்குறையை நீக்க, மிலான் நகரத்தார், சுருள் சுற்றிய காந்த உள்ளகத்தைச் சுவரின் முகத்தில் வைத்து, திசைதோறும் திருப்பி அளக்கும் கருவியை ஆராய்ந்து, அவரும் 2012-இலேயே வெளியிட்டனர். அறுத்தல் வேண்டா, ஆனால் அது மேற்புறத்தை அடுத்த பகுதியையே நன்கு காட்டும். நாருடன் பருத்த கம்பியும் பதிந்துள்ள இடத்தில் கம்பியின் விளைவே மேலோங்கி அளவைக் குழப்பும். கண்ணாடி நார், பிளாஸ்டிக் நார் ஆகியன காந்தத்திற்கு அகப்படா. அவற்றைக் காண வேறு வழியே நாடல் வேண்டும்.