விடிந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் கார்: ஏர் சஸ்பென்ஷனில் என்ன பழுது, எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையிலிருந்து கிளம்பி, திண்டிவனம், மயிலம் வழியாகத் திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மன் தரிசனம், மறுநாள் காலையில் கல்மரப் பூங்கா என்று திட்டம். விடிந்து வந்து பார்த்தால், காரின் முன்பக்க இடது சக்கரம் மட்கார்டுக்குள் புதைந்து, வண்டி சாய்ந்து நிற்கிறது. டயரில் காற்று சரியாக இருக்கிறது. பஞ்சர் இல்லை.

ஸ்டார்ட் செய்தால் எங்கோ ஒரு சின்ன மோட்டார் 'டர்ர்ர்' என்று ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் கார் எழுந்து நிற்கிறது. "தானாவே சரியாயிடுச்சு" என்று கிளம்பிவிடுகிறோம். பெரிய செலவு ஆரம்பமாவது இங்கேதான்.

பத்து வயதான சொகுசு கார், புது நடுத்தரக் காரின் விலைக்குள் கிடைக்கும் காலம் இது. ஆசைப்பட்டு வாங்கும் பல இளைஞர்களுக்கு முதலில் அதிர்ச்சி தருவது ஏர் சஸ்பென்ஷன்தான். பழுதின் அடிப்படை புரிந்துவிட்டால், தேவையில்லாத பாகத்துக்குப் பணம் கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

எப்படி வேலை செய்கிறது?

சாதாரண காரில் இரும்புச் சுருள் ஸ்பிரிங் தாங்கும் எடையை, இதில் காற்று நிரப்பிய ரப்பர் பை தாங்குகிறது. நம்மூரில் 'ஏர் பஸ்' என்கிறோமே, அதில் இருப்பதும் இதே தத்துவம். சென்னை ஐ.சி.எஃப். தயாரிக்கும் வந்தே பாரத் ரயில் பெட்டிகளும் காற்று ஸ்பிரிங் மேல்தான் மிதக்கின்றன.

ஆனால், ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பஸ்ஸில் இன்ஜினோடு ஓடும் பெரிய கம்ப்ரஸர் இருக்கிறது. பிரேக்குக்கும் காற்று தருவது அதுதான். சிறு கசிவை அது ஈடுகட்டிவிடும். காரில் இருப்பது கைக்கு அடக்கமான மின்சார கம்ப்ரஸர். தேவைப்படும்போது சில நொடிகள் ஓடி, பிறகு ஓய்வெடுப்பதற்காகவே செய்யப்பட்டது.

இதனுடன் உயரத்தை அளக்கும் சென்சார்கள், எந்தச் சக்கரத்துக்குக் காற்று போக வேண்டும் என்று பிரித்துவிடும் வால்வு பிளாக், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையர், எல்லாவற்றையும் இயக்கும் கணினி ஆகியவை உண்டு.

கம்ப்ரஸர் ஏன் சாகிறது?

ரப்பர் பை மடங்கி விரியும் இடத்தில், வயதாக ஆக நுண்ணிய வெடிப்புகள் விழும். சுற்றுவட்டாரக் கல்குவாரி சாலைகளைப் போலத் தூசியும் ஜல்லியும் நிறைந்த பாதைகளில் ஓடினால், மடிப்பில் சிக்கும் துகள்கள் ரப்பரை மேலும் தேய்க்கும். காற்று மெல்லக் கசியும். குறைந்ததை நிரப்ப கம்ப்ரஸர் திரும்பத் திரும்ப ஓடும், சூடாகும், கடைசியில் கருகும்.

கம்ப்ரஸரை மட்டும் மாற்றிவிட்டு, கசிவை அப்படியே விட்டால் புதியதும் அதே வழியில்தான் போகும். "கம்ப்ரஸர் போயிடுச்சு சார்" என்று மெக்கானிக் சொன்னால், "கசிவு எங்கன்னு பாத்தீங்களா?" என்று கேளுங்கள்.

அறிகுறி சொல்லும் கதை

ஒரே மூலை இறங்கினால்: அந்தச் சக்கரத்தின் ரப்பர் பை, அல்லது அதற்குப் போகும் குழாய் இணைப்பு.

முன்பக்கமோ பின்பக்கமோ முழுதாக இறங்கினால்: வால்வு பிளாக்கில் சந்தேகம். இரண்டு பைகளும் ஒரே வயதில் தளர்ந்தும் இருக்கலாம்.

நான்கும் இறங்கி, ஸ்டார்ட் செய்தும் எழவில்லை என்றால்: முதலில் ஃபியூஸ், ரிலே. விலை குறைவானதை முதலில் பார்ப்பது நல்லது. பிறகு கம்ப்ரஸர்.

காற்று இறங்காமலே உயரம் மட்டும் தாறுமாறாக இருந்தால்: உயர சென்சார், அல்லது அதன் இணைப்புக் கம்பி உடைந்திருக்கலாம்.

டேப்பும் சோப்புத் தண்ணீரும்

சமதளத்தில் காரை நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களிலும், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், கதவைக்கூடத் திறக்காமல் மறுபடி அளங்கள். சில மில்லிமீட்டர் மாற்றம் குளிர்ச்சியாலும் வரலாம். ஒரு மூலை மட்டும் விரற்கடைக் கணக்கில் இறங்கியிருந்தால் அங்கே கசிவு என்று அர்த்தம்.

அடுத்தது பட்டறை வேலை. பை, குழாய் இணைப்பு, வால்வு பிளாக் ஆகியவற்றில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கும் அதே வித்தைதான். கூடவே ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். "கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடியது" என்ற பொருளில் குறியீடு வந்தால், அது கம்ப்ரஸரின் குற்றம் என்று அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் கசிவு இருப்பதற்கான சாட்சி அது.

எதை மாற்றுவது?

இணைப்பில் கசிவு என்றால் சின்னச் செலவோடு முடிந்துவிடும். பை வெடித்திருந்தால் அதை ஒட்டுப்போட முடியாது; மாற்றியே ஆக வேண்டும். கம்ப்ரஸரை மாற்றும்போது டிரையரையும் ரிலேவையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஈரம் உறிஞ்சிக் களைத்த டிரையர், வால்வுகளுக்குள் துருவை அனுப்பும். கடைசியாக, ஸ்கேனர் வைத்து உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். இதை விட்டால் கார் கோணலாகவே நிற்கும், டயரும் ஒரு பக்கம் தேயும்.

நடுவழியில் இறங்கிவிட்டால்

டயர் மட்கார்டில் உரசும் நிலையில் ஓட்டவே கூடாது. டயர் கிழியலாம். கட்டி இழுக்காமல், காரைத் தன் மேல் ஏற்றிச் செல்லும் மீட்பு வண்டியை அழையுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: காற்று மட்டும் தாங்கி நிற்கும் காரின் அடியில் கையோ தலையோ போகக் கூடாது. முன்னறிவிப்பே இல்லாமல் வண்டி இறங்கும். கையேட்டில் சொல்லியிருக்கும் ஜாக் மோடை இயக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகுதான் அடியில் பார்க்க வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

காலையில் போங்கள். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். கார் ஏற்கெனவே சூடாக, நிமிர்ந்து நின்றால், இரவு எப்படி நின்றது என்பது உங்களுக்குத் தெரியாது. அன்று விலை பேசாமல், இன்னொரு நாள் காலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.