விடுதி அறையில் இன்சுலின்

முதல் வகை நீரிழிவு இனிப்பு தின்று வருவதல்ல. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிட, இன்சுலின் சுரப்பு வற்றிப்போகிறது. மாத்திரை போதாது; இன்சுலினை வெளியிலிருந்து செலுத்தியே ஆகவேண்டும். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகப் போடப்படும்வரை, இந்நோய் வந்தவர்கள் நெடுநாள் பிழைத்ததில்லை.

சிறுவயதில் ஊசிக் கணக்கைப் பார்ப்பது பெரும்பாலும் அம்மாதான். படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போனதும் பொறுப்பு முழுக்கத் தன் தலையில். சாப்பாட்டுக்கு முன் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், தட்டிலுள்ள சோற்றுக்கு ஏற்ற யூனிட். ஊசி போட்டபின் மெஸ்ஸில் சாப்பாடு தாமதமானால் ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இறங்கிவிடலாம்: கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். (குடித்திருக்கிறான் என்று நினைப்பவர்களும் உண்டு.) உடனே 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்கவேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். அறைத் தோழருக்கு இது தெரிந்திருக்கவேண்டும். கல்யாணப் பேச்சு கெட்டுவிடுமோ என்று பயந்து நோயை மூடி மறைப்பதுதான் உண்மையான ஆபத்து.

காய்ச்சலில் சாப்பாடு இறங்காவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தாதீர்கள். அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.