குரல் போனாலும் ஆராதனை நடத்தலாம்

டிசம்பர் பிறந்துவிட்டால் சர்ச் பாடகர் குழுக்களுக்கு ஓய்வே கிடையாது. பாட்டுப் பயிற்சி, கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ் ஆராதனை, ஆண்டின் கடைசி இரவு ஆராதனை என்று வரிசை கட்டி நிற்கும். பனியும் தூக்கமின்மையும் சேர்ந்து, பாட்டை எடுத்துக் கொடுப்பவரின் தொண்டை கட்டிக்கொள்ளும். 'கர்த்தர் பெலன் தருவார்' என்று கரகரத்த குரலோடு மைக்கைப் பிடிப்பவர்கள் அதிகம். விசுவாசம் இருக்கட்டும், தொண்டைக்கு அப்போது தேவை ஓய்வு.

குரல் ஏன் போகிறது?

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு சிறிய மடிப்புகளே குரல் நாண்கள். சாதாரணமாகப் பேசும்போதே இவை ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முறையும், பெண்களுக்குச் சுமார் 200 முறையும் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. மேல் ஸ்தாயியில் எண்ணிக்கை இன்னும் கூடும். சளித் தொற்றால் நாண்கள் வீங்கும்போது குரல் கரகரக்கிறது, அல்லது காற்று மட்டுமே வருகிறது.

பெரும்பாலும் இதற்கு வைரஸ்தான் காரணம். ஓரிரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். ஆன்டிபயாடிக் மாத்திரையால் பலன் இல்லை. ஆனால், வீங்கிய நாண்களை வருத்திப் பாடினால் நுண்ணிய ரத்தக் குழாய் உடைந்து ரத்தம் கசியலாம். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று போய்விட்டால், அந்த வரியோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கைவைத்தியம் உதவுமா?

மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால் தொண்டைக்கு இதம்தான். ஆனால், விழுங்குவது எதுவும் குரல் நாண்களைத் தொடாது. அது உணவுக்குழாய் வழியே போய்விடும். நாண்களின் ஈரப்பதம் காக்க நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பதும், ஆவி பிடிப்பதும் நல்லது. தொண்டைக்கு இதமாக அதிமதுரம் மெல்பவர்களும் உண்டு; உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை அடிக்கடி மெல்ல வேண்டாம்.

கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு ஆகாது; பலருக்கு அது நாண்களை மேலும் இறுக்கும். அடிக்கடி செருமுவதும் அப்படியே. செருமத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். கேரல் முடிந்து நள்ளிரவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலேறி நாண்களை அரிக்கலாம்.

ஞாயிறு காலை என்ன செய்வது?

• சனிக்கிழமையே போதகருக்கும் கீபோர்டு வாசிப்பவருக்கும் சொல்லிவிடுங்கள்.

• புதுப் பாடல்களைத் தள்ளிவையுங்கள். சபைக்கு மனப்பாடமான கீர்த்தனைகளுக்கு முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் போதும். அதையும் குழுவில் வேறொருவர் பாடட்டும்.

• பாடப்போகிறவரின் குரலுக்கு ஏற்பச் சுருதியை மாற்றுங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானே போதும்.

• பல்லவிக்குத் திரும்புவது, நிறுத்துவது, மெதுவாக்குவது எல்லாவற்றையும் கைச்சைகையால் காட்டலாம். ஜெபத்தையும் வேத வாசிப்பையும் மற்றவர்களிடம் கொடுங்கள்.

• ரிதம் பேடின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் இரைச்சல் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் விவரித்ததால் இதற்கு 'லொம்பார்ட் விளைவு' என்று பெயர்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் குரல்வளைக்குள் பார்த்துப் பரிசோதிக்க வேண்டும். எச்சிலில் ரத்தம், விழுங்குவதில் சிரமம், கழுத்தில் கட்டி இருந்தாலோ, புகையிலைப் பழக்கம் இருந்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஓயாமல் பாடுபவர்களுக்கு நாண்களில் காய்ப்பு போன்ற முடிச்சுகள் வருவதுண்டு. அவற்றுக்கு முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான். அறுவை சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படாது.

குரல் திரும்பியதும் முதல் வாரமே முழு ஆராதனையையும் சுமக்காதீர்கள். டம்ளர் தண்ணீரில் ஸ்டிராவை வைத்து, குமிழி வரும்படி மெல்ல முனகிப் பழகுங்கள். ஒன்றிரண்டு பாடல்களோடு தொடங்குங்கள். இன்னொருவருக்கும் ஆராதனை நடத்தக் கற்றுக்கொடுங்கள். பொறுப்பேற்க ஆள் இருந்தால்தான், தொண்டை கட்டியவர் தயங்காமல் வாய்மூடி இருக்க முடியும்.