பத்தே பத்து பீட்சா வண்டிகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள இப்ஸிலான்டி என்ற சிறு நகரில், 1960இல் டாம், ஜேம்ஸ் என்ற மோனகன் சகோதரர்கள் கடன் வாங்கி ஒரு பீட்சா கடையைப் பிடித்தார்கள். ஜேம்ஸ் தபால்காரர். அரசாங்க வேலையை விட்டுவிட்டு மாவு பிசைய அவருக்கு மனமில்லை. ஓராண்டுக்குள் கடையில் தனக்கிருந்த பாதிப் பங்கை டாமிடமே கொடுத்தார். பதிலுக்கு அவர் வாங்கிக்கொண்டது, பீட்சா கொண்டுபோய்க் கொடுக்க இருவரும் பயன்படுத்திய பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை. அந்தக் கடைதான் 1965இல் டொமினோஸ் என்று பெயர் மாறி, பின்னர் உலகம் முழுக்கக் கிளை பரப்பியது.

ஆக, அந்த நிறுவனத்தின் கதையில் டெலிவரி வண்டிக்கு ஆரம்பத்திலிருந்தே ஓர் இடம் உண்டு. உட்கார்ந்து சாப்பிட மேசை நாற்காலி போடாமல், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதையே முழுத் தொழிலாக்கியவர் டாம் மோனகன். 1983இல் ஆயிரமாவது கடை திறந்தது. அரை மணி நேரத்தில் பீட்சா வராவிட்டால் காசு வேண்டாம், அல்லது விலையில் கழிவு என்பது அந்தக் காலத்து வாக்குறுதி. அடுப்பிலிருந்து எடுத்த பீட்சா வீட்டு வாசலை எட்டுவதற்குள் ஆகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருந்தது. பெட்ரோலுக்கும்தான். 1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளில் பெட்ரோல் பங்க்குகளின் முன்னால் வரிசையில் நின்றதை அமெரிக்கர்கள் அப்போது மறந்திருக்கவில்லை.

இந்தச் சூழலில்தான், 1980களின் நடுவில், டிரைட்டான் ஏ2 என்ற மூன்று சக்கர வண்டிகள் பத்தை டொமினோஸ் வாங்கியது.

அதை வடிவமைத்தவர்கள் ஜேம்ஸ் அமிக்கும் அவர் மகன் டக்ளஸும். ஊர், டொமினோஸின் தலைமையகம் இருந்த அதே ஆன் ஆர்பர். தந்தை காற்றியக்கவியல் ஆய்வாளர். இன்றைய நாசாவின் முன்னோடியான நாகா அமைப்புக்காக, விமான இறக்கையின் மேல் காற்று எப்படி அழுத்துகிறது என்று ஆய்வறிக்கை எழுதியவர். 1970களில் விண்ட்மொபைல் என்றொரு வண்டியையும் உருவாக்கினார். பக்கவாட்டில் வீசும் காற்றையே உந்துவிசையாக மாற்றிக்கொள்ள, வண்டியின் மேல் வில்லாக வளைந்த இறக்கை வைத்த துணிச்சலான முயற்சி அது. டிரைட்டானைப் பார்ப்பவர்கள் சக்கரம் முளைத்த விமானம் என்று நினைப்பது இயல்பே. முன்பக்கம் உருண்டு பின்பக்கம் கூம்பும் கண்ணீர்த்துளி வடிவம் அதற்கு. காற்றுத்தடைக் குணகம் 0.15.

அந்த எண் எவ்வளவு சிறியது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1982இல் ஜெர்மனியின் ஆவ்டி 100 கார் இந்தக் குணகத்தை 0.30க்குக் கொண்டுவந்தபோது, அதையே விளம்பரமாக்கிப் பெருமைப்பட்டது அந்நிறுவனம். தெருவில் ஓடிய மற்றக் கார்கள் பெரும்பாலும் 0.40க்கு மேல். அந்த 0.40இல் பாதியைக்கூட எட்டாத 0.15ஐ, ஆன் ஆர்பரில் ஓர் அப்பாவும் மகனும் சாதித்தார்கள்.

மூன்று சக்கரத்துக்குக் காரணங்கள் உண்டு. ஒரு சக்கரம் குறைந்தால் எடை, செலவு, உராய்வு எல்லாம் குறையும். காற்றைக் கிழித்து ஓட ஏற்றது ஒரு முனையில் குறுகும் உடல். மூன்று சக்கர அமைப்பு அதற்குத் தோதானது. சட்டமும் துணை நின்றது. அமெரிக்காவில் மூன்று சக்கர வாகனம் மோட்டார் சைக்கிள் கணக்கில்தான் சேரும். கார்களுக்கு விதித்த மோதல் சோதனைகள் அதற்கு இல்லை. கோடிக்கணக்கில் முதல் போட முடியாத சிறு பட்டறைகளுக்கு இது பெரிய வாசல். பிரிட்டனில் ரிலையன்ட் நிறுவனம் பல பத்தாண்டுகள் மூன்று சக்கர வண்டி விற்றதற்கும் வரிச் சலுகையும் ஓட்டுநர் உரிமச் சலுகையும் முக்கியக் காரணங்கள். அந்த நிறுவனமும் 1930களில் ஒரு மூன்று சக்கரச் சரக்கு வேனில்தான் தொடங்கியது.

ஆனால், பீட்சா கொண்டுபோக இந்த வடிவம் சரிதானா? இங்கேதான் டிரைட்டானின் சிக்கல் தெரிகிறது. காற்றுத்தடை வேகத்தின் இருமடியாக வளரும். மணிக்கு 40 கிலோமீட்டரில் இருப்பதைப்போல 80இல் நான்கு மடங்கு. நெடுஞ்சாலையில் சீறும் வண்டிக்கு 0.15 பெரிய வரம். பீட்சா வண்டியோ குடியிருப்புத் தெருக்களில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, வீட்டு எண்ணைத் தேடி ஊர்ந்து போகிறது. அந்த ஓட்டத்தில் எரிபொருளைத் தின்பது காற்று அல்ல. நின்று நின்று கிளம்பும் எடைதான். கண்ணீர்த்துளி வடிவத்தின் மிகச் சிறந்த குணம், இந்த வேலையில் பெரிதும் பயன்படாமலே கிடந்திருக்கும். குறைந்த எடைதான் அங்கே உண்மையில் உழைத்திருக்கும்.

காலமும் திரும்பியது. 1986இல் கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. சிக்கனம் பேசிய வண்டிகள்மேல் இருந்த ஆர்வமும் அதோடு சரிந்தது. அரை மணி நேர வாக்குறுதிக்கும் ஆயுள் நீளவில்லை. டெலிவரி ஓட்டுநர்களின் அவசரத்தால் விபத்துகள் நடக்கின்றன என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 1993 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் நகர ஜூரி, விபத்தில் காயமடைந்த ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 7.9 கோடி டாலர் தர வேண்டும் என்று சொன்னது. அந்த மாதமே டொமினோஸ் வாக்குறுதியைக் கைவிட்டது.

டிரைட்டான் பத்தோடு நின்றதால்தான் இன்று சேகரிப்பாளர்கள் அதைத் தேடுகிறார்கள். ஆனால் அவற்றில் ஒன்று ஒரு தனியார் சேகரிப்புக்குள் நுழைவதை, அரிய பொருள் கைமாறியது என்ற செய்தியாக மட்டும் பார்த்தால் போதாது. உழைக்கும் வண்டிகளை யாரும் பாதுகாப்பதில்லை என்பது வாகன வரலாற்றின் பெரிய ஓட்டை. பந்தயக் காரைத் துணி போட்டு மூடி வைப்பார்கள். பால் வண்டி, ரொட்டி வண்டி, தபால் வண்டியையோ, ஓடும்வரை ஓட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.

அமெரிக்கத் தபால் துறையின் மெயில்ஸ்டரையே எடுத்துக்கொள்ளலாம். 1950களில் சோதனையாகத் தொடங்கிய மூன்று சக்கர வண்டி அது. 7.5 குதிரைத்திறன் எஞ்சின். தோள்பையில் 35 பவுண்டு சுமந்த தபால்காரர், இதில் 500 பவுண்டு வரை ஏற்றலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மூன்று அங்குலப் பனி விழுந்தால் வண்டி நகராது. மணிக்கு 25 மைலுக்கு மேல் திருப்பத்தில் போனால் கவிழும். பெரிய நாய் ஒன்று தன் வண்டியைச் சாய்த்துவிட்டதாக ஒரு தபால்காரர் புகாரே கொடுத்தார். இருந்தும் 1966இல் 17,700 மெயில்ஸ்டர்கள் ஓடின; துறையின் வாகனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பிறகு அந்த இடத்துக்கு ஜீப்புகள் வந்தன. அந்தப் பெருங்கூட்டத்தில் இன்று எஞ்சியவை கொஞ்சமே. ஆயிரக்கணக்கில் ஓடியதற்கே இந்தக் கதி என்றால், பத்தே பத்தாகப் பிறந்தது தப்பிப் பிழைக்க யாராவது ஒருவர் பிடிவாதமாக ஆசைப்பட்டே ஆக வேண்டும்.

அப்படி ஆசைப்பட்டவர்களில் பெரியவர், நெவாடாவின் ரீனோ நகரில் சூதாட்ட விடுதிகள் நடத்திய பில் ஹாரா. ஏறத்தாழ 1,400 வாகனங்கள் சேர்த்தவர். பளபளக்கும் பெருமைக்குரிய கார்களோடு தோற்றுப்போன பரிசோதனைகளையும் அவர் வாங்கினார். அவற்றில் முக்கியமானது, பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1930களில் உருவாக்கிய டைமேக்ஸியான். டிரைட்டானுக்கு அரை நூற்றாண்டு மூத்த கண்ணீர்த்துளி மூன்று சக்கரம் அது. கட்டியவை மூன்று; எஞ்சியது இரண்டாவது வண்டி மட்டும்.

ஹாரா 1978இல் இறந்தார். நிறுவனம் கைமாறி, 1984 முதல் 1986 வரை சேகரிப்பின் பெரும்பகுதி ஏலத்தில் போனது. அங்கே நம் பீட்சா முதலாளி மறுபடி வருகிறார். உலகில் ஆறே ஆறு எஞ்சிய புகாட்டி ராயல் கார்களில் இரண்டு ஹாராவிடம் இருந்தன. அவற்றில் ஒன்றை, ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து 1986இலேயே டாம் மோனகன் 81 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஒரு காருக்கு அதற்குமுன் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணியையே 1983இல் விலைக்கு வாங்கியிருந்தவர் அவர். தன் நிறுவனமே பணம் போட்ட ஒரு பரிசோதனை கையருகே இருந்தபோது, மோனகனின் பெயரை வாகன உலகில் நிலைநிறுத்தியது அந்த ராயல்தான். இன்று திரும்பிப் பார்க்கையில், ராயல் எப்படியும் பிழைத்திருக்கும். அதை வாங்க எப்போதும் ஒரு பணக்காரர் இருப்பார். டிரைட்டானுக்கு அந்த உத்தரவாதம் என்றுமே இல்லை.

பீட்சாவுக்கென்றே ஒரு டெலிவரி வண்டி என்ற கனவை டொமினோஸ் முழுதாக விடவும் இல்லை. 2015இல் செவ்ரோலெட் ஸ்பார்க் காரை அடிப்படையாகக் கொண்டு டிஎக்ஸ்பி என்ற டெலிவரி வண்டியைக் கொண்டுவந்தது. ஓட்டுநருக்கு மட்டும் இருக்கை. மற்ற இடமெல்லாம் பெட்டிகளுக்கு. பீட்சா ஆறாமல் இருக்கப் பக்கவாட்டில் சூட்டடுப்பு. 80 பீட்சா ஏற்றலாம். இம்முறை காற்றைப் பற்றிய கவலை பின்னால் போய், பெட்டியும் சூடும் முன்னால் வந்தன. செய்யும் வேலையிலிருந்து வடிவத்தை யோசித்தது நல்ல மாற்றம். அதுவும் 155 வண்டிகளோடு நின்றது.

அரியதை வாங்கியவர் அதை என்ன செய்ய வேண்டும் என்பதில் சேகரிப்பாளர்களிடையே இரண்டு கட்சி. தொடாமல் வைப்பது ஒன்று, ஓட்டுவது மற்றொன்று. நாஷ்வில்லில் பழைய ரொட்டித் தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்கும் லேன் மோட்டார் மியூசியம் இரண்டாவது கட்சி. அங்குள்ள வண்டிகள் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்று மெனக்கெடுகிறார்கள். அவர்கள் டைமேக்ஸியானுக்கு ஒரு நகல் கட்டி 2015இல் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். எண்பது ஆண்டுகளாகப் படங்களில் ரசிக்கப்பட்ட அந்த வடிவத்தை ஓட்டிப் பார்த்த வாகன எழுத்தாளர்கள் வியர்த்துப்போனார்கள். பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி நேராகவே போக மறுத்தது; சாலையின் ஒவ்வொரு மேடும் அதை அலைக்கழித்தது. 1933இல் முதல் டைமேக்ஸியான் சிகாகோவில் விபத்தில் சிக்கி ஓட்டுநர் இறந்ததை நினைத்துப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சில மைல்கள் எந்தப் புத்தகமும் தராத விளக்கம்.

டிரைட்டானை வைத்திருப்பவர்களும் இதைச் செய்ய வேண்டும். மாற்று உதிரிபாகம் எளிதில் கிடைக்காது. கையாலேயே செய்துகொள்ள வேண்டியிருக்கும். செலவு கணக்குப் பார்க்கிற மாதிரி இருக்காது. இருந்தாலும் ஒரு குளிர்காலப் பிற்பகலில், பெட்டியில் பீட்சாவை வைத்துக்கொண்டு ஆன் ஆர்பர் தெருக்களில் ஒரு சுற்று விட்டால்தான் தெரியும்: பக்கக் காற்று அடிக்கும்போது அது எப்படி நிற்கிறது, ஓட்டுநர் இருபது முறை இறங்கி ஏற முடிகிறதா, அரை மணி நேரத்துக்குள் எத்தனை வீட்டுக்குப் போக முடியும் என்பதெல்லாம்.