கணவாய்க்கு இப்புறமும் அப்புறமும்

உதகமண்டலத்திற்கும் கோடைக்கானலுக்கும் கோடை வாசம் செல்லும் நேயர்கள் ஏரியையும் பூந்தோட்டத்தையும் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆனால் அந்த மலைகளின் சங்கீத வித்வான்களை ஒரு தடவையேனும் கேட்டவர் எத்தனை பேர்? விடியற்காலையில் சோலைக் காட்டின் ஓரமாக அசையாமல் நின்றால் போதும். இருண்ட புதருக்குள்ளிருந்து சீழ்க்கை போன்ற இனிய குரல் எழும். வித்வான் மட்டும் எளிதில் தரிசனம் தரமாட்டார்!

பக்ஷி சாஸ்திரிகள் இப்பறவைக்கு இட்ட பெயர் சோலைக்கிளி. அதைக் கேட்டுப் பச்சைச் சிறகையும் வளைந்த மூக்கையும் தேடவேண்டாம். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகச் சிறு பறவை. இது சிட்டுக்குருவியின் அளவுதான். கால்கள் மட்டும் நெட்டை.

நீலகிரிச் சோலைக்கிளிக்கு முதுகும் மார்பும் கருநீலம். வயிற்றின் இரு பக்கமும் செம்மண் நிறம். பழனிமலையிலும் ஆனைமலையிலும் வாழும் வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு அந்தச் செம்மை கிடையாது. தொழிலோ இரண்டிற்கும் ஒன்றே: ஈரச் சருகுகளினிடையே தத்தித் தத்திப் பூச்சி பொறுக்குவது.

வெகுகாலம் இவை ஒரே இனத்தின் இரு கிளைகள் என்றே கருதப்பட்டன. மரபணுக்களை ஆராய்ந்தபோது, நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்துவிட்ட இரு தனி இனங்கள் என்பது உறுதியாயிற்று. 2017-ல் இவற்றுக்கு 'ஷோலிகோலா' என்ற புதிய பேரினப் பெயர் சூட்டப்பட்டது. நமது 'சோலை' லத்தீன் வேஷம் தரித்து உலகப் பட்டியலில் ஏறிவிட்டது!

இவற்றைப் பிரித்து வைத்தது எது? பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள அத்தாழ்ந்த நிலம் நமக்கு ரயில் செல்லும் வழி. குளிர்ந்த சோலையை விட்டு அகலாத இப்பறவைகளுக்கோ அது கடக்க முடியாத சமுத்திரம்.

இந்த வேற்றுமை வெறும் ஏட்டு விஷயம் அன்று. தேயிலைக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. சீகையும் யூகலிப்டஸும் மலைச்சரிவுகளில் பரவின. வடக்கே உள்ளது அழிந்தால் தெற்கே உள்ளது பறந்து வந்து அவ்விடத்தை நிரப்பப் போவதில்லை. ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கிறதே என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை.

அடுத்த கோடையில் குழந்தைகளை ஒரு நாளேனும் விடியுமுன் எழுப்பிச் சோலையோரம் அழைத்துச் செல்லுங்கள். கச்சேரிக்குக் கட்டணமில்லை, சபையோர் மௌனமாயிருந்தால் போதும்.