சூளைக் கண்ணாடியின் குறைபாடுகளும் காரணங்களும்: அரியலூர், பெரம்பலூர் வட்டாரத் தொல்லியல் ஆய்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கண்ணாடித் துண்டுகளைச் சூளையில் உருக்கி இணைக்கும்போது விரிசல், குமிழ், வெண்படலம், உருச்சிதைவு, தளத்தில் ஒட்டிக்கொள்ளல், நிறமாற்றம் ஆகிய குறைபாடுகள் தோன்றுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை சூடேற்றல், உருகல், ஆறுதல் ஆகிய கட்டங்களுள் ஏதேனும் ஒன்றில் நேர்ந்த பிழையின் தடயங்கள். இக்கட்டுரை அக்குறைபாடுகளின் காரணங்களையும் களையும் வழிகளையும் விளக்குகிறது. அகழாய்வில் கிடைக்கும் கண்ணாடித் துண்டுகளை மதிப்பிட இவ்வறிவு எவ்வாறு பயன்படும் என்பதையும், குறைபாடுள்ள ஒரு துண்டை மட்டுமே கொண்டு உள்ளூர் உற்பத்தியை ஏன் நிறுவ இயலாது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கண்ணாடி, சூளை, ஆற்றிப் பதப்படுத்தல், படிகமாதல், மாளிகைமேடு, கண்ணாடி வளையல்.

முன்னுரை

அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் முதலாம் இராசேந்திரன் காலம் முதல் சோழர்களின் தலைநகராக விளங்கியது. அதன் அரண்மனைப் பகுதியாகக் கருதப்படும் மாளிகைமேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980களிலும், பின்னர் 2021 முதலும் அகழாய்வுகளை மேற்கொண்டுள்ளது. செங்கற்சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் ஆகியவற்றுடன் கண்ணாடி வளையல் துண்டுகளும் அங்குக் கிடைத்துள்ளன.

இத்தகைய துண்டுகள் கிடைக்கும் இடங்களிலெல்லாம் ஒரு வினா எழுகிறது. அவை அவ்விடத்திலேயே செய்யப்பட்டவையா, வெளியிலிருந்து வந்தவையா? வளைந்து நெளிந்த துண்டு, குமிழ் நிறைந்த துண்டு, பாதி உருகிய துண்டு ஆகியவற்றைத் தொழிற்கூடக் கழிவு என்று கொள்ளும் போக்கு இயல்பாகவே உண்டாகிறது. ஆனால் தீ விபத்தில் உருகிய வளையலும் நெளிந்தே கிடக்கும்; குமிழுள்ள கண்ணாடியும் விற்பனைக்கு வந்திருக்கும். எனவே குறைபாடு எக்கட்டத்தில், எதனால் விளைந்தது என்பதை அறிந்த பின்னரே அதனைச் சான்றாகக் கொள்ள வேண்டும். இவ்வறிவைத் தருவது சூளைத் தொழில். இன்றைய மின்சூளையில் வேலை செய்வோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல்களும் பண்டைய உலைக்களத்தில் நேர்ந்தவையும் ஒரே இயற்பியல் விதிகளுக்கு உட்பட்டவையே.

கண்ணாடியின் இயல்பு

கண்ணாடியின் முதன்மைப் பொருள் சிலிக்கா. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரத்தில் மரத்தின் இடத்தைப் பிடித்திருப்பதும் சிலிக்காவே. கல்மரத்தில் அது நீரின் வழி மெல்லப் படிந்து நுண்படிகங்களாக ஒழுங்குபெற்றுள்ளது. கண்ணாடியிலோ அணுக்கள் ஒழுங்குபெறுவதற்கு முன்பே உருகிய பாகு இறுகிவிடுகிறது. தூய சிலிக்கா உருக ஏறத்தாழ 1700 பாகை செல்சியசு தேவை. அவ்வெப்பத்தைக் குறைக்கச் சோடாவும், நீரில் கரையாத உறுதியைத் தரச் சுண்ணாம்பும் சேர்க்கப்படுகின்றன.

கண்ணாடிக்குக் குறிப்பிட்ட ஓர் உருகுநிலை இல்லை. சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி ஏறத்தாழ 540 பாகை வரை திண்மமாக நின்று, அதன்பின் படிப்படியாக இளகுகிறது. கைவினைக் கண்ணாடிகள் 730 முதல் 770 பாகையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 790 முதல் 820 பாகையில் முழுதாகக் கலந்து சமதளமாகின்றன. இங்குக் குறிப்பிடப்படும் வெப்ப அளவுகள் அனைத்தும் கண்ணாடியின் வகையைப் பொறுத்துச் சற்றே மாறுபடும்.

விரிசல்: ஓரம் காட்டும் தடயம்

சூளைக் கண்ணாடியில் மிகுதியாகக் காணப்படும் குறைபாடு விரிசலே. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. மூன்றும் வெவ்வேறு அடையாளங்களை விட்டுச்செல்கின்றன.

முதலாவது, சூடேறும்போது உண்டாகும் வெப்ப அதிர்ச்சி. 540 பாகைக்குக் கீழ்க் கண்ணாடி நொறுங்கும் தன்மையுடையது. விளிம்பு விரைவாகச் சூடேறி நடுப்பகுதி பின்தங்கினால் அது உடைகிறது. உடைந்த துண்டுகள் தொடர்ந்து 800 பாகை வரை சூடேறுவதால் உடைப்பின் ஓரங்கள் இளகி மழுங்குகின்றன. எனவே சூளையைத் திறக்கும்போது உடைப்பின் ஓரம் உருண்டு பளபளப்பாக இருந்தால் உடைவு சூடேறும்போதே நேர்ந்தது எனலாம். சூடேற்றும் வேகத்தைக் குறைப்பதே இதற்குத் தீர்வு. 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பணிக்கு மணிக்கு 150 பாகை என்பது பாதுகாப்பான தொடக்கம். தடித்தவற்றுக்கும் அகன்றவற்றுக்கும் அதனினும் மெதுவான வேகம் வேண்டும்.

இரண்டாவது, ஆறும்போது உண்டாகும் தகைவு. இவ்வுடைப்பின் ஓரம் கூர்மையாக இருக்கும். கண்ணாடி இறுகும் எல்லையில் அதனைச் சிறிது நேரம் ஒரே வெப்பத்தில் நிறுத்திப் பின்னர் மெதுவாகக் குளிர்விக்க வேண்டும். இதுவே ஆற்றிப் பதப்படுத்தல். கைவினைக் கண்ணாடிகளுக்கு 480 முதல் 515 பாகையிலும், சன்னல் கண்ணாடிக்கு 545 பாகையை ஒட்டியும் இந்நிறுத்தம் அமைகிறது. குளிரும்போது எழும் தகைவு, குளிரும் வேகத்தோடு நேர்விகிதத்திலும் தடிமனின் வர்க்கத்தோடு நேர்விகிதத்திலும் உயரும். ஆகவே தடிமன் இருமடங்கானால் குளிர்விக்கும் வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். இதனைக் கருதாமையே, சூளையிலிருந்து நலமாக வெளிவந்த பொருள் சில நாள் கழித்துத் தானே உடைவதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது. இவ்வகை விரிசல் நிற எல்லைகளைப் பொருட்படுத்தாமல் வளைந்து ஓடும்.

மூன்றாவது, பொருந்தாமை. இரு கண்ணாடிகளின் வெப்ப விரிவு வேறுபட்டால், குளிரும்போது ஒன்று மற்றொன்றைவிட மிகுதியாகச் சுருங்கும். அப்போது விரிசல் இரு நிறங்களின் எல்லையையே பின்பற்றும். கைவினைக் கண்ணாடிகள் 90, 96 என்ற விரிவு எண்களால் விற்கப்படுகின்றன. இவை ஒரு பாகைக்கு ஒரு கோடியில் இத்தனை பங்கு விரிவைக் குறிப்பவை. எண் ஒன்றாயிருப்பது மட்டும் பொருத்தத்திற்கு உறுதியன்று. பாகுநிலையும் ஒத்திருக்க வேண்டும். எத்துணை மெதுவாக ஆற்றினாலும் பொருந்தாமை நீங்காது. ஆகவே முன்சோதனை இன்றியமையாதது. தெளிந்த கண்ணாடிமேல் ஐயத்திற்குரிய கண்ணாடியின் சிறு துண்டை உருக்கி ஒட்டி, நன்கு ஆற்றி, குறுக்காக வைத்த இரு போலராய்டு தகடுகளின் இடையே பார்த்தால், தகைவு உள்ள இடத்தில் துண்டைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும்.

குளிர்விக்கும் முறை பொருளுக்குப் பொருள் மாறுவதற்கு அரியலூர் வட்டாரத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கிரீத்தேசியக் காலச் சுண்ணாம்புக்கல்லை நம்பி இங்கு அமைந்த சிமெண்ட் ஆலைகளின் சுழல்சூளைகளில் கிளிங்கர் ஏறத்தாழ 1450 பாகையில் உருவாகிறது. அதனை விரைவாகக் குளிர்விக்கின்றனர். மெதுவாகக் குளிர்ந்தால், சிமெண்டுக்கு வலிமை தரும் முக்கால்சியம் சிலிக்கேட்டு 1250 பாகைக்குக் கீழ்ச் சிதையத் தொடங்கும். இருகால்சியம் சிலிக்கேட்டு வேறு படிக வடிவத்திற்கு மாறிப் பருத்துப் பொடியாகும். கண்ணாடியிலோ மேல் வெப்பங்களில் விரைவும், இறுகும் எல்லையில் பொறுமையும் தேவைப்படுகின்றன.

குமிழ்

அடுக்குகளுக்கிடையே சிக்கிய காற்றே குமிழாகிறது. விளிம்புகள் முதலில் ஒட்டிக்கொண்டால் உட்காற்று வெளியேற வழியில்லை. 650 முதல் 680 பாகையில் அரைமணி முதல் ஒருமணி நேரம் நிறுத்தினால், இளகத் தொடங்கும் மேலடுக்கு மெல்லப் படிந்து காற்றை வெளித்தள்ளும். கண்ணாடியின் அடியிலிருந்து பெரிய குமிழ் ஒன்று எழுந்து வெடித்திருந்தால், தளத்தின் ஈரமோ மேடுபள்ளமோ காரணமாகும். தளத்தை முன்னரே உலரச் சுட்டுக்கொள்வதும், மேல்வெப்பத்தைக் குறைப்பதும் இதனைத் தடுக்கும்.

பண்டைக் கண்ணாடியில் குமிழுக்கு வேறொரு மூலமும் உண்டு. மூலப்பொருள்களிலுள்ள கார்பனேட்டுகள் சிதையும்போது வெளியாகும் வாயு, பாகு தெளியுமுன் சிக்கிக்கொள்கிறது. இக்குமிழ்களின் வடிவம் தொல்லியலாளருக்குப் பெரிதும் பயன்படும். பாகைக் குழாயாக இழுத்து வெட்டிய மணியில் குமிழ்கள் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் துளையைச் சுற்றி வளைந்திருக்கும். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டின் சிறு மணிகளை இழுப்புமுறையோடு இணைத்து அறிவதற்கும், இன்றும் அம்முறை அறியப்பட்டுள்ள ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையோடு ஒப்பிடுவதற்கும் இவ்வடையாளமும் துணைநின்றது.

வெண்படலம்

உருகிய கண்ணாடி ஏறத்தாழ 700 முதல் 900 பாகை வரையிலான எல்லையில் நெடுநேரம் நின்றால், மேற்பரப்பில் நுண்படிகங்கள் தோன்றி மங்கலான வெண்படலம் உண்டாகிறது. இதுவே படிகமாதல். சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் வொல்லாஸ்டனைட்டு, டெவிட்ரைட்டு முதலிய படிகங்கள் இவ்வாறு உருவாகின்றன. தூசி, கைரேகை, வெட்டும் எண்ணெய் ஆகியன படிகங்கள் தொடங்கும் புள்ளிகளாகின்றன. கண்ணாடியை நன்கு கழுவித் துடைப்பதும், அவ்வெல்லையைத் தாமதமின்றிக் கடப்பதும் தீர்வு. படலம் தோன்றிவிட்டால் தேய்த்து நீக்கி மீண்டும் சுடலாம்.

அகழாய்வுத் துண்டின் வெண்மையை உடனே படிகமாதல் என்று கொள்ளலாகாது. மண்ணில் புதைந்த கண்ணாடியிலிருந்து ஈரம் காரத்தைக் கரைத்து வெளியேற்றும்போதும் மேற்பரப்பு வெளுக்கும். அவ்வெண்மை மெல்லிய ஏடுகளாக உரியும். பெரும்பாலும் வானவில் நிறம் காட்டும். சூளையில் விளைந்த படிகமோ கண்ணாடியோடு ஒன்றிக் கடினமாக நிற்கும். தென்னிந்தியப் பண்டைக் கண்ணாடிகளில் ஒரு பெரும்பிரிவு, உவர்மண்ணின் சோடாவையும் அலுமினா மிகுந்த மணலையும் கொண்டு செய்யப்பட்டது. அலுமினா படிகமாதலைத் தடுக்கும், பாகையும் கெட்டியாக்கும். இன்றைய சன்னல் கண்ணாடியில் அலுமினா ஏறத்தாழ 1 விழுக்காடே. ஆதலால் சன்னல் கண்ணாடியில் செய்த சோதனையின் முடிவைப் பண்டைக் கண்ணாடிக்கு நேரே பொருத்துவது பிழையாகும்.

உருவம், ஒட்டுதல், நிறம்

முழுதாக உருகிய கண்ணாடி, பரப்பு இழுவிசையால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமனை நாடுகிறது. அதனினும் மெல்லியது ஓரங்களிலிருந்து உள்ளிழுக்கப்பட்டுக் கோணலாகும். தடித்தது பரவி வழியும். வழிதலைக் கண்டு வெப்பத்தை மட்டும் குறைப்போர், தடிமனையும் கணக்கிட வேண்டும். சூளையின் அளவுமானியும் தவறக்கூடும். வெப்ப மின்னிரட்டை தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தையே காட்டுகிறது. கதவருகிலும் மூலையிலும் சில பாகைகள் குறையலாம்.

சூடான சோடாக் கண்ணாடி களிமண்ணைக் கரைத்து ஒட்டிக்கொள்ளும். அதனால் தளத்தின்மேல் அலுமினாவும் வெண்களிமண்ணும் கலந்த பூச்சு இடப்படுகிறது. பழைய பூச்சு உதிர்ந்த இடத்தில் கண்ணாடி பற்றும்; மீண்டும் மீண்டும் சுட்ட பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும்.

செம்பு கலந்த கண்ணாடி காற்று மிகுந்த சூளையில் நீலமோ பசுமையோ காட்டும். ஒளிபுகாச் செந்நிறம் காற்றுக் குறைந்த ஒடுக்கச் சூழலில்தான் விளையும். செந்நிற மணியின் மேற்பரப்பில் மட்டும் கருமையோ பசுமையோ படர்ந்திருந்தால், உலையின் காற்றோட்டம் மாறியது ஒரு காரணமாகலாம்.

தொல்லியல் வாசிப்பு

மேற்கூறியவற்றை வளையல் துண்டுகளுக்குப் பொருத்தினால் சில தெளிவுகள் பிறக்கின்றன. கூர்மையான உடைப்பு, பயன்பாட்டில் உடைந்ததையும் ஆற்றாமையால் உடைந்ததையும் ஒருசேரக் குறிக்கக்கூடும். அதனால் மட்டும் எதனையும் நிறுவ இயலாது. மழுங்கிப் பளபளக்கும் உடைப்பு, உடைந்தபின் துண்டு மீண்டும் சூடுபட்டதைக் காட்டுகிறது. அச்சூடு தொழிற்கூட உலையாகவோ வீட்டுத் தீயாகவோ ஈமத்தீயாகவோ இருக்கலாம்; உடன் கிடைத்த சாம்பல், எலும்பு, சுட்ட மண் ஆகியவையே இதனை முடிவு செய்யும். மழுங்கியும் பளபளப்பின்றிச் சொரசொரப்பாக உள்ள ஓரம், நீரிலும் மணலிலும் உருண்டு தேய்ந்ததாகும். கம்பியை வளைத்து முனைகளை ஒட்டிய வளையல் அவ்வொட்டிலேயே பிரிந்திருந்தால், அங்குப் போதிய சூடு இல்லாமையை எண்ணலாம்.

மற்றொரு மயக்கம் செங்கற்சூளையால் விளைவது. அளவுக்கு மீறிச் சுட்ட செங்கல்லின் மேற்பரப்பு, விறகுச் சாம்பலின் காரத்தோடு சேர்ந்து பச்சைநிறக் கண்ணாடிப் படலமாக உருகும். செங்கற்கட்டடங்கள் நிறைந்த மாளிகைமேடு போன்ற இடங்களில் இத்தகைய கசடு கிடைப்பது வியப்பன்று. அதனைக் கண்ணாடித் தொழிலின் கழிவாகக் கொள்ளலாகாது. கண்ணாடி ஒட்டிய மூசைத் துண்டு, உருவாக்கப்படாத கண்ணாடிக் கட்டி, இழுத்த குழாயின் வெட்டுமுனை, கண்ணாடித் துளி, உலைச்சுவர் ஆகியவை ஒரே மண்ணடுக்கில் சேர்ந்து கிடைப்பதே உற்பத்திக்கு வலுவான சான்று.

ஆதலின் அகழாய்வுப் பதிவேட்டில் நிறம், அளவு ஆகியவற்றோடு நான்கு செய்திகளும் இடம்பெறுதல் நன்று: உடைப்பு ஓரத்தின் கூர்மையும் பளபளப்பும், குமிழின் வடிவமும் திசையும், வெண்மை உரிகிறதா, ஒன்றி நிற்கிறதா என்பது, பிற பொருள் ஒட்டியுள்ளதா என்பது. இவற்றைக் காணப் பத்துமடங்கு பெருக்கும் கைலென்சே போதுமானது.

முடிவுரை

சூளைக் கண்ணாடியின் ஒவ்வொரு குறைபாட்டிற்கும் அது தோன்றிய கட்டம் உண்டு. அக்கட்டத்தை அறிந்தால் கைவினைஞர் அடுத்த சுடுதலைத் திருத்திக்கொள்ள முடியும். ஆய்வாளர் ஒரு துண்டின் வரலாற்றை வரையறுக்க முடியும். துண்டைக் கழுவும்போது உரியும் ஏடும், ஒட்டியுள்ள சுட்ட மண்ணும் போய்விட்டால் அவ்வரலாற்றின் ஒரு பகுதியும் உடன் அழியும். எனவே கண்ணாடித் துண்டுகளைத் தூய்மைப்படுத்துவதற்கு முன்பே மேற்குறித்த நான்கு செய்திகளையும் பதிவு செய்வது, உள்ளூர் உற்பத்தி பற்றிய எந்தக் கருத்துக்கும் அடிப்படைத் தேவையாகிறது.